அணைக்காமல் ஆறுமா

"இது ஆறோணும் அம்மிணி. ஆனா அணைக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லு."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் மயிலாத்தாள் இதைச் சொல்லிவிட்டாள். கையில் லேப்டாப். அது கொதித்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜரினா ஒரு திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வைங்கக்கா," என்றாள்.

இது ஒரு குருவும் சிஷ்யையும் பற்றிய கதை. குரு என்றதும் தாடியையும் காவியையும் எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம். குருவுக்கு வயது இருபத்தெட்டு. திருப்பூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு மாடி அறையில் லேப்டாப் பழுது பார்க்கிறாள். சிஷ்யைக்கு நாற்பத்தாறு. ஒரு பனியன் கம்பெனியில் வேலை. குரு வாயைத் திறப்பதே அபூர்வம். சிஷ்யை வாயை மூடுவது அதைவிட அபூர்வம்.

ஜரினா லேப்டாப்பைப் பார்த்தாள். அதற்கு ஒரு சட்டை போட்டிருந்தது. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில், பிடித்தாற்போல, மடிப்பு ஓரமெல்லாம் அடித்துத் தைத்த சட்டை. விசைகளும் திரையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"யாரு தெச்சது?"

"நானேதான். எங்க கம்பெனியில பஞ்சு பறக்கும் பாரு, மூக்குல வாயிலயெல்லாம் பூந்துரும். உள்ள போயிரக் கூடாதுன்னு தெச்சேன். அளவு எப்படி?"

"அளவு அருமை."

மயிலாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜரினா அந்தச் சட்டையைக் கழற்றினாள். மயிலாத்தாளிடம் நீட்டினாள்.

"இதை மொகத்துல மாட்டிக்கங்க. நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கற வரைக்கும்."

"எதுக்கு?"

ஜரினா டீயை ஊதினாள்.

சித்திரை மாதம். கூரை மேலே தகித்தது. மயிலாத்தாள் மாட்டிக்கொண்டாள். ஜரினா ஒரு மிடறு குடித்தாள். இரண்டாவது மிடறு குடித்தாள். மூன்றாவதற்கு முன் மயிலாத்தாள் சட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டாள். முகமெல்லாம் வேர்வை.

"போதுமாக்கா?"

"போதும் தாயி," என்றாள் மயிலாத்தாள். துணியை மடித்துப் பைக்குள் அடியில் போட்டுக்கொண்டாள். அதை அவள் பிறகு எதற்கும் எடுக்கவில்லை.

"இப்ப ஒருக்கா ஆஃப் பண்ணிக் குடுங்க. உள்ள தொறந்து பார்த்துர்றேன்."

மயிலாத்தாள் லேப்டாப்பைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் வேண்டாம். சட்டையக் கழட்டியாச்சில்ல. ஆறிரும்."

வந்த வேகத்தைவிட வேகமாகப் படியிறங்கிப் போனாள்.



ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் கம்பெனி விட்ட கையோடு மறுபடி வந்தாள். இந்தத் தடவை லேப்டாப் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. பைக்குள் லேப்டாப்புக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு மோர் பாக்கெட்டுகள். கீழ்க்கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

"சட்டை போடல. அப்படியும் கொதிக்குது. அதான் இப்படி."

ஜரினா ஒரு பாக்கெட்டை எடுத்தாள். கத்தரியால் மூலையை வெட்டினாள். நின்ற நிலையிலேயே முழுவதையும் குடித்தாள்.

"அம்மிணி, அது லேப்டாப்புக்கு."

"இது தாகத்துக்கு அக்கா."

இரண்டாவதை வெட்டி மயிலாத்தாளிடம் கொடுத்தாள். மயிலாத்தாளுக்கும் தாகம்தான். குடித்தாள்.

"ஒரு சொட்டு உள்ள போனா அதோட கதை முடிஞ்சுது," என்றாள் ஜரினா. "இதைப் பையில வெக்கறப்பவும் ஓடிட்டேதான் இருக்குமா?"

"ஆமா."

"பஸ்ஸுல?"

"ஓடும்."

"வீட்ல?"

"கட்டில்ல பக்கத்துலயே வெச்சுக்குவேன். தலகாணி மேல. சார்ஜ் போட்டு."

"எத்தனை நாளா அணைக்கல?"

மயிலாத்தாள் விரல் விட்டு எண்ணவில்லை. கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

"மூணு மாசம் ஆறு நாள்."

ஜரினா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஏன்?"

"வேலை ஜாஸ்தி."

பொய் என்பது கேட்கிறவளுக்கும் தெரிந்தது, சொன்னவளுக்கும் தெரிந்தது. ஜரினா மேலே கேட்கவில்லை. கேட்காததுதான் மயிலாத்தாளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"எங்க மேனேஜர் கெடு வெச்சுட்டார் அம்மிணி. இது சூடேறி சூடேறி, ஒரு கோடு இழுத்தா அஞ்சு நிமிஷம் கழிச்சு வருது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இதை வேற ஆள்கிட்டக் குடுத்துட்டு என்னை செக்கிங்குக்கே அனுப்பிருவேன்னுட்டார். இருபத்திரண்டு வருசம் செக்கிங் மேசை. காலையில எட்டரைக்கு நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கோணும். பிசிறு வெட்டோணும், ஓட்டை பாக்கோணும். காலைப் பாரு."

புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தன.

"இந்த மூணு மாசமாத்தான் நாற்காலி. பேட்டர்ன் போடற வேலை, துணி வெட்டற அளவுப் படம். உட்கார்ந்துட்டே சம்பாதிக்கறது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. அது போயிரக் கூடாது."

"அப்ப அணைங்க."

"அதைத் தவிர வேற சொல்லு."

"வேற இல்லக்கா."

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினாள்.

"நீங்க அணைக்கலைன்னாலும் ஒரு நாள் அதுவே அணைஞ்சுக்கும்," என்றாள் ஜரினா. "சூடு எல்லை தாண்டினா, வெந்து போகாம இருக்க, தானாவே நின்னுரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"தானாவா?"

"தானா."

மயிலாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் பக்கத்தில் படுக்க வைத்த ஒன்று, அவளைக் கேட்காமலே அப்படிச் செய்யும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மீதி இரண்டு மோர் பாக்கெட்டையும் மறந்து வைத்துவிட்டுப் போனாள்.



சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது தடவை வந்தாள். உட்காரவில்லை. லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். உள்ளே விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

"நீ அன்னைக்குச் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல அம்மிணி. ஒரு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுத் தொட்டுப் பாக்கறேன். ஏதாச்சும் பண்ணு. அது தானா நிக்காம இருக்க ஏதாச்சும்..."

இரைச்சல் நின்றது.

திரை கறுத்தது.

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது அப்போதுதான் காதில் விழுந்தது.

மயிலாத்தாள் திரையைப் பார்த்தாள். விரலால் ஒரு விசையைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நாற்பத்தாறு வயதில், மூன்றே தடவை வந்த ஒரு கடையில், சத்தம் போட்டு அழுதாள்.

ஜரினா சமாதானம் சொல்லவில்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். காத்திருந்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது," என்றாள் மயிலாத்தாள்.

ஜரினா தலையசைத்தாள்.

"எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க வராது. அக்குள் வளைவு கால் இஞ்சு பிசகினாலும் எட்ட நின்னு சொல்லிருவேன், அதைப் பார்த்துத்தான் மேனேஜர் கூப்பிட்டார். பேட்டர்ன் வேலை குடுக்கறேன், இங்கிலீஷ் படிப்பீங்கல்லன்னு கேட்டார். படிப்பேன்னுட்டேன். ஒரே ஒரு வார்த்தை. நாற்காலி கண்ணுக்கு முன்னாடி நின்னுது, சொல்லிட்டேன்."

தண்ணீரைக் குடித்தாள்.

"பேட்டர்ன் போடற புரோக்ராமை ஒரு ஆள் வந்து ஏத்திக் குடுத்தான். படம் படமா இருக்கும், எதை அமுக்கினா என்ன வரும்னு ரெண்டே நாள்ல பிடிச்சுட்டேன். ஆனா அதைத் தொறக்கறப்ப மொதல்ல ஒரு பொட்டி வரும். உள்ள ரெண்டு வரி இங்கிலீஷ். கீழ ரெண்டு பட்டன். அவன் டக்குனு ஒண்ணை அமுக்கினான். எதைன்னு பார்க்கறதுக்குள்ள பொட்டி போயிருச்சு. 'பார்த்துங்க, தப்பா எதையாச்சும் அமுக்கினா எல்லாம் அழிஞ்சுரும்'னு சொல்லிட்டுப் போயிட்டான். நானூத்திப் பன்னண்டு பேட்டர்ன் இருக்கு அதுல. யார்கிட்டக் கேக்கறது? கேட்டா, படிக்கத் தெரியாதான்னு வரும். அணைச்சாத்தான திரும்பத் தொறக்கோணும், தொறந்தாத்தான பொட்டி வரும். அதனால அணைக்கவே இல்ல."

மூன்று மாதத்துக்கு மேலாக உள்ளே கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. மயிலாத்தாள் களைத்துப் போனாள்.

"ஆறட்டும்," என்றாள் ஜரினா.

"எது?"

ஜரினா லேப்டாப்பின் முதுகைக் காட்டினாள்.

அரை மணி நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சிஷ்யை பேசாமல் இருந்தது அந்தக் கடையில் அதுவே முதல் தடவை.

பிறகு ஜரினா திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தாள். விசிறிக்குப் பக்கத்தில் காற்று போகும் வழி அடைத்துக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பஞ்சுக் கட்டி வந்தது. அழுந்தி அழுந்தித் துணியாகவே ஆகியிருந்தது.

மயிலாத்தாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பட்டை பட்டையாக நிறங்கள்.

"மேல இருக்கற இந்த நேவி நீலம் இப்ப ஓடற டி-சர்ட். இந்த மஞ்சள் மாசியில போனது, குழந்தைங்க நைட் டிரஸ். இந்த வெள்ளை..." நிறுத்தினாள். "இந்த மெரூன் போன தீபாவளிக்கு முந்தி ஓடுன ஆர்டர் அம்மிணி. அப்ப நான் செக்கிங்ல இருந்தேன். இந்த லேப்டாப் எனக்கு முந்தி பேட்டர்ன் போட்ட மாஸ்டர்கிட்ட இருந்துது."

"ஆமாக்கா. பாதி அடைப்பு அவரு காலத்துது."

"நான் மட்டும் பண்ணல?"

"நீங்க மட்டும் பண்ணல."

மயிலாத்தாள் அந்தப் பஞ்சுக் கட்டியைக் குப்பைக் கூடையில் போட்டாள். மனசில் ஒரு சுமை குறைந்த மாதிரி இருந்தது.

ஜரினா சுத்தம் செய்தாள். சூடு கடத்தும் புதுப் பசை தடவினாள். மூடித் திருகினாள். லேப்டாப்பை மயிலாத்தாள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போடுங்க."

"நீயே போடேன்."

ஜரினா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மயிலாத்தாள் போட்டாள். நாலு எண் கேட்டது. அது அவளே வைத்தது, கல்யாணமான வருஷம். அடித்தாள். பேட்டர்ன் புரோக்ராமின் படத்தை இரண்டு தடவை தட்டினாள்.

பெட்டி வந்தது.

இரண்டு வரி. இரண்டு பட்டன்.

"படிச்சுச் சொல்லு அம்மிணி."

"அமுக்குங்க."

"எதை?"

"எதையாவது."

"எல்லாம் போயிருச்சுன்னா?"

"போகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் படிக்கத் தெரியும்."

மயிலாத்தாள் அவளை முறைத்தாள். பிறகு குலதெய்வத்தை மனசுக்குள் கூப்பிட்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வலது பக்கப் பட்டனை அமுக்கினாள்.

கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

"இருக்குதா?"

"பாருங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். இருந்தது. நேவி டி-சர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர். பக்கத்தில் பட்டியல். கடைசி வரிக்கு விரலை ஓட்டிக்கொண்டு போனாள். நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இருக்குது," என்றாள். "அம்மிணி, இருக்குது. எல்லாம் இருக்குது."

நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று மாதமாகக் காதுவரை ஏறியிருந்த தோள்கள் கீழே இறங்கின. வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த மாதிரி ஒரு நிம்மதி. அதை ஒளித்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தாள்.

"என்ன கேட்டுச்சு அது?"

"இதுல புதுசா வந்திருக்கறதையெல்லாம் சுத்திக் காட்டட்டுமான்னு கேட்டுச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இடது பக்கத்தை அமுக்கியிருந்தா?"

"சுத்திக் காட்டியிருக்கும்."

மயிலாத்தாள் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மாடிப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சாயங்காலம் அவள் லேப்டாப்பைப் பதினோரு தடவை அணைத்தாள். பதினோரு தடவை போட்டாள். பெட்டி வந்ததும் ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. ஜரினா தடுக்கவில்லை.

கிளம்பும்போது அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவே.

"இனிமே சூடாகாதுல்ல?"

"அது ஆகாதுக்கா," என்றாள் ஜரினா. அடுத்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

மயிலாத்தாள் படியில் பாதி இறங்கி நின்றாள். அது ஆகாதென்றால் வேறு எது ஆகும் என்று கேட்க நினைத்தாள். கேட்காமல் இறங்கினாள்.



திங்கட்கிழமை காலை, நாற்காலியில் உட்காருவதற்கு முன், மேனேஜர் குழந்தைவேலுவின் அறைக்குள் போனாள். கையில் லேப்டாப்.

அவர் அதை வாங்கித் தொட்டுப் பார்த்தார். ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். இழுத்த கணமே வந்தது.

"பலே. சரியாயிருச்சே. போய் வேலையப் பாருங்கக்கா."

அவள் போகவில்லை.

"இன்னொண்ணு சார்."

"சொல்லுங்க."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க."

குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்குக் கேட்டப்ப தெரியும்னீங்க."

"பொய் சொன்னனுங்க."

"எப்பத்துல இருந்து தெரியாது?"

"பொறந்ததுல இருந்துங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கோபமாக இருக்க வேண்டிய நேரம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அப்ப மூணு மாசமா, துணி வாங்கற பையர் அனுப்பற அளவுக் குறிப்பெல்லாம்?"

"எண்ணும் படமும் பாப்பனுங்க. அதுலயும் புரியலைன்னா சாம்பிளைக் கையில எடுத்துப் பாத்துருவேன். துணி சொல்லிரும்."

அவர் மேசையிலிருந்த ஒரு டி-சர்ட்டை எடுத்தார். கையைத் தூக்கி அக்குள் வளைவைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். திருப்பி உள்பக்கம் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் நின்ற மயிலாத்தாளால் இந்த ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

ஆனால் செக்கிங்குக்கே அனுப்பினாலும் இன்றைக்கு ராத்திரி தூங்குவேன் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குழந்தைவேலு டி-சர்ட்டை மடித்து வைத்தார்.

"பையர் மெயிலுக்கெல்லாம் பதில் போட ஒருத்தரைச் சேர்த்திருக்கேன். புதன்கிழமை வர்றார். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. உங்க நாற்காலிக்குப் பக்கத்துல அவருக்கு ஒண்ணு போடச் சொல்லுங்க. குறிப்பை அவர் படிச்சுச் சொல்லட்டும்."

உங்க நாற்காலி என்று அவர் சொன்னது மயிலாத்தாளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க சார்."

"ஒரே ஒரு சங்கடம்," என்றார் அவர். "துணியைப் பத்தி அந்தாளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் சமாளிச்சாகோணும்."

"தெரியாதுன்னு யாருங்க சொன்னது?"

"அவரேதான். இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்ததும் மொத வார்த்தையே அதுதான்."

மயிலாத்தாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

"அப்பப் பொழைச்சுக்குவாருங்க," என்றாள்.